வேலனுக்கும் ஒரு வரி

மக்காள், முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், சிரிப்புக் கதை இது. நாட்டில் போர்ச் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு வைகாசியில் தேற்றாத்தீவில் கொம்புமுறி நடந்தது. கண்ணகை அம்மனுக்காக ஊர் இரண்டு சேரியாக, அதாவது இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒன்றோடொன்று கொளுவிய வளைந்த மரக்கொம்புகளை வடம் பூட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும். வென்ற சேரி, தோற்றவர்களைத் தெருத்தெருவாகப் பழித்துப் பாடும். எங்கள் சேரிக்குப் பாட்டுக் கட்டுகிறவள் நான்.

வென்றோம். ஆனால் மஞ்சள் துணி சுற்றிய எங்கள் வடம் முதல்நாளே காணாமல் போயிருந்தது. இரவல் வடத்தால்தான் இழுத்தோம்.

"எதிர்ச்சேரி வேலன்தான் கள்ளன். பேரைப் போட்டுக் கட்டுகா," என்றார் மூன்று நாளாகக் கோயிலிலேயே கிடந்த எங்கள் தலைவர் கனகசிங்கம். "நீ கட்டாட்டி நான் கட்டுவன்."

"ஆரு கண்டது?"

"இளையதம்பி."

இளையதம்பியைக் கேட்டேன். "வேலன்ர தோணிக்குள்ள ஈரக் கயிறு கிடந்தது அக்கா. தூரத்தில நிண்டு பார்த்தன், துணி தெரியல்ல. களவெடுத்ததை நான் காணல்ல."

வாவிக்கரைக்குப் போய் வேலனைக் கேட்டேன். முகம் வெளிறிவிட்டது. "அது என்ர நங்கூரக் கயிறு அக்கா. பாட்டில கள்ளன் எண்டு வந்தா ஆரார் காதுக்குப் போகுமோ! விடியக்குள்ள வந்து என்னைக் கொண்டு போவானுகள்."

அந்த நாளில் அப்படித்தான், மக்காள்; ஒரு சொல் போதும், துப்பாக்கியோடு வந்து ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"பேரை விடட்டா?"

"ஊரெல்லாம் கதைச்சாச்சு. நான் சொன்னதையும் சேர்த்துப் பாடுங்க."

பாடினோம்.

வேலன் தோணியிலே ஈரக்கயிறு, கண்டது இளையதம்பி!
வடம் அதுதானெண்டு சொல்றாங்க, சொல்றாங்க!
நங்கூரக் கயிறெண்டு வேலனும் சொல்றானே!

உடுக்கடித்த வினாயகமூர்த்திக்குத் தாளம் தப்பியது. "இதென்னகா, கோட்டில சாட்சி சொல்றமாதிரியா பாடுறாய்?" பிள்ளைகள் "சொல்றாங்க, சொல்றாங்க" என்று குதித்தார்கள். "சொல்றானே" வந்ததும் எதிர்ச்சேரி முழுவதும் வேலனோடு சேர்ந்து கத்தியது. தோற்றவர்களே எங்கள் பாட்டைப் பாடிய கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஆடிக்கொண்டே கனகசிங்கத்தின் வீட்டு வளவுக்குள் புகுந்தோம். வேலியோரம் ஓர் எருமை. அதன் கழுத்தில் எங்கள் வடம், மஞ்சள் துணியோடு.

"கனகசிங்கம் கள்ளன்!" கூட்டம் துள்ளியது.

"பொறுங்க!" அது வேலனின் குரல். "அக்கா, அவரிட்டயும் கேட்டுப்போட்டுக் கட்டுங்க."

அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளை அகப்பையோடு ஓடி வந்தாள். "எருமை அறுத்துக்கொண்டு ஓடினது. கோயிலடியில கிடந்த கயித்தால நான்தான் கட்டினன். இவருக்கு ஒண்டும் தெரியாது."

அதையும் கட்டினேன். கடைசி வரியைக் கனகசிங்கமே கீச்சுக் குரலில் பாடினார்: "தெரியாதெண்டு நானும் சொல்றனே!" வேலன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டான். ஊரடங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எருமையையும் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஆடினோம்.