சாப்பாட்டு மேசையில் ஒரு சர்வர்

ஆயுள் முழுக்கச் சான்றிதழில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் அதிகாரி. "அடுத்த ஆள்" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், மூன்று தெரு தள்ளித் தூங்கும் பூனைகூட எழுந்து வந்து வரிசையில் நிற்கும். அப்பேர்ப்பட்டவர் இப்போது கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் சாக்கெட் நிரல் எழுதப் பழகுகிறார். சாப்பாட்டு மேசை முழுக்க அவருடைய கணினிச் சாமான். வீட்டார் தட்டை மடியில் ஏந்திச் சாப்பிட்டார்கள்.

"இன்னைக்கு இது வேலை செஞ்சா மேசை உங்களுக்கு. இல்லேன்னா எனக்கு," என்றாள் மனைவி.

"சர்வர்ங்கிறது ஆபீஸ் ஜன்னல் மாதிரிதான். போர்ட்ங்கிறது ஜன்னல் நம்பர். கிளையன்ட் வந்து தட்டுவான், நாம ஏத்துக்கிட்டுப் பேசணும். அவன் முடிச்சுக் கிளம்பினப்புறம்தான் அடுத்த ஆள்," என்று விளக்கினார் அதிகாரி.

அந்தக் கடைசி விதியை எந்தப் பாடமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. ரத்தத்திலேயே இருந்தது.

சோதனைக்காக மச்சான் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். காய்ந்த துணியை எடுத்த மாதிரியும் இருக்கும் என்று மனைவி கைபேசியோடு மொட்டை மாடிக்குப் போனாள். "முடியற வரைக்கும் எதுவானாலும் சர்வர் வழியாத்தான் பேசணும்," என்று சொல்லிவிட்டு, காற்றில் அடித்துக்கொண்ட மாடிக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார் அதிகாரி.

மச்சான் முந்திக்கொண்டார். தன் இடது முழங்கால் வலியில் ஆரம்பித்து, வைத்தியம் பார்த்த டாக்டர், டாக்டரின் கார், கார் விற்றவனின் கல்யாணம் வரை தட்டினார். "அத்தான், கேக்கிறீங்கல்ல?"

"சொல்லுங்க மாப்ளே," என்று பதில் தட்டினார் அதிகாரி.

மழை பிடித்தது. மேலே தடதடவென்று காலடி. பிறகு கதவு இடிபட்டது.

"சத்தம் போடாம வரிசையில வா," என்றார் கூரையைப் பார்த்து.

அவள் வரிசையில்தான் நின்றாள். 'இணைந்தது' என்று அவள் கைபேசி எப்போதோ காட்டிவிட்டது. அவள் தட்டிய செய்தியெல்லாம் சர்வர் ஜன்னலுக்கு வெளியே குவிந்து கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு இடிபடுவதும் நின்றது. கூச்சல் அடங்கினால் பொதுமக்களுக்குத் திருப்தி என்பது அதிகாரி தம் சர்வீஸில் கண்ட உண்மை.

டீ போட மச்சான் நிரலை மூடி எழுந்ததும், குவிந்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மூச்சில் திரையில் கொட்டியது:

"என்னங்ககதவைத்திறங்கமழைவருதுங்கதுணியெல்லாம்போச்சுகேக்குதாஇல்லியாயோவ்தொறய்யா"

அதிகாரி குதூகலமாக மாடிக்கு ஓடிக் கதவைத் திறந்தார். "ஒரு எழுத்துக்கூடத் தொலையல, பாத்தியா?"

ஈரம் சொட்டச் சொட்ட அவள் உள்ளே வந்தாள். "பாத்தேன். சொன்னா சொன்னதுதான். மேசை உங்களுக்கு." அவரை மெல்ல வெளியே நகர்த்தி, தன் இணைப்பை மூடிக் கைபேசியை அவர் கையில் திணித்தாள். "கீழ ஜன்னல்ல நான் உக்காந்துக்கறேன். வேணும்னா சர்வர் வழியா வந்து மேசையைக் கேட்டு வாங்கிக்குங்க."

தாழ்ப்பாள் விழுந்தது. அவர் நனைந்தபடியே அவசரமாகத் தட்டினார். 'இணைந்தது' என்றது கைபேசி.

அதற்கு முன்பே டீயோடு திரும்பி வந்து, வலது முழங்காலை ஆரம்பித்திருந்தார் மச்சான்.