உக்குவளைக்கு மேலே நிற்கும் ஆறு விமானங்கள்

ஸுபைதா "நில்லுங்க!" என்று கத்தியதால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆறு இராணுவ விமானங்கள் மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்கு மேலே அப்படியே நின்றுவிட்டன. அவை தாழப் பறந்த வேகத்தில், அவர் காயப் போட்ட மிளகு பாயோடு கிளம்பிக்கொண்டிருந்தது. லொறியை மறிப்பதுபோல் கையைக் காட்டினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் விமானிகள் கயிறு போட்டு இறங்கி, பிளேன்டீ குடித்து, கண்டி ரயிலில் போனார்கள். விமானங்கள் போகவில்லை.

கடல் கடந்த ஒரு வல்லரசு நடுக்கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்க்க இருந்தது. இவை அதன் துணை விமானங்கள் என்று வானொலி சொன்னது. திட்டம் நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். படம் பிடிக்க ஒன்று, காற்றின் திசை பார்க்க ஒன்று, வெடித்த முகிலுக்குள் புகுந்து சாம்பல் அள்ள இரண்டு, அந்த இரண்டும் விழுந்தால் விமானிகளைத் தூக்க இரண்டு. மீனவர்களைத் தூக்க எதுவும் ஒதுக்கப்படவில்லை. அவர்கள் பின்னிணைப்பில் இருந்தார்கள்.

விமானங்களின் நிழலில் மிளகு காயவில்லை. "போகச் சொல்லு புள்ள. ஒரு வருச மிளகு பூசணம் புடிச்சா வானத்தயா விக்கிறது?" என்றார் கணவர் ஜிப்ரி. ஸுபைதா குனிந்து மிளகைக் கிளறிவிட்டார்.

பிறகு அந்த வல்லரசின் தளபதி வந்தார். பதக்கங்கள் முன்னால் வந்தன, அவர் பின்னால் வந்தார், வந்த வேகத்தில் மிளகுப் பாயில் சப்பாத்தோடு ஏறினார். வாக்குக் கேட்டு வருபவர்கள்கூட அங்கே செய்யாத வேலை அது.

"அக்கா, 'போங்கோ' எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணுமாம்," என்றார் மொழிபெயர்க்க வந்த தனோஜன்.

"மொதல்ல சப்பாத்தக் கழட்டச் சொல்லுங்க தம்பி. திங்கிற சாமானுல மிதிக்கிறாரு."

கழற்றினார். காலுறை ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. வெடிக்கிற நாள் காற்றில் ஒரு தூசியும் மாத்தளைப் பக்கம் வராது என்று உறுதி கூறினார்.

"அப்ப யாரு பக்கம் போகும்?"

தளபதி பக்கங்களைப் புரட்டினார். பள்ளிவாசலில் பின்னேர அஸர் பாங்கு சொல்லும்வரை புரட்டினார்.

"இந்த பிளேனெல்லாம் ஊட்டுக்குத் திரும்பிப் போறதுண்டா இப்பவே சொல்றேன். வெடிக்கிறதுக்குப் போறதுண்டா எங்க வாயால வராது."

வீடு திரும்புவதற்குத் திட்டத்தில் பக்கம் இல்லை. ஆகவே தளபதி மட்டும் திரும்பினார்.

அந்த வருட மிளகு முழுக்கக் குழிக்குப் போயிற்று. குழியை ஜிப்ரி முணுமுணுத்தபடி வெட்டினார். துணை விமானம் இல்லாமல் வெடிக்க விதி இடம் தராததால் சோதனை ஒத்திவைக்கப்பட்டது, பிறகு மறுபடியும். அடுத்த பருவம் ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து ஸுபைதா ஏலக்காய் எடுப்பித்தார். வெயிலில் வெளிறும் காய், இறக்கை நிழலில் பச்சை மாறாமல் காய்ந்தது. நிழல் நகர நகர ஜிப்ரி பாயை இழுத்துப் போடுகிறார். காற்றுப் பார்க்கும் விமானம் சின்னது, அதன் நிழல் ஒரு பாய்க்கும் காணாது என்பதுதான் இப்போது அவருடைய ஒரே குறை.