நூற்றிருபது பவுண்டு

எடைச்சீட்டை மயில்சாமி மூன்றாவது முறையாகப் படித்தார். லாரிகள் டீசல் போட நிற்கும் நெடுஞ்சாலை நிறுத்தம் அது; பயணத்துக்கு முன் ஓர் ஒத்திகைக்காக வந்திருந்தார்கள். அங்கிருந்த எடைமேடை பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். ஹூஸ்டன் சுத்திகரிப்பு ஆலையில் கருவிகளை நம்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். மினிவேன் இழுத்துவந்த, அடுப்பும் படுக்கையும் வைத்த டிரெய்லரின் எடை, கொக்கியில் இறங்கும் பாரத்தையும் சேர்த்து, மூவாயிரத்து அறுநூறு பவுண்டு. அவருடைய கணக்கில் வந்தது மூவாயிரத்து நானூற்று எண்பது. மினிவேன் இழுக்கக்கூடியது மூவாயிரத்து ஐந்நூறு.

"நாகமணி, நெசமாச் சொல்லு. உள்ள வேற என்ன வெச்சிருக்கற?"

முன்சீட்டில் இருந்த மனைவி நாகமணி திரும்பவில்லை. "நீங்க எழுதுனதுதானுங்க இருக்குது. கரண்டி மொதக்கொண்டு எண்ணுனீங்கல்ல?"

எண்ணியது உண்மைதான். குளியலறை எடைக்கருவியின் மேல் ஒவ்வொரு பொருளையும் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, தன் எடையைக் கழித்து, கம்ப்யூட்டரில் பதினான்கு பத்திகள் போட்டிருந்தார். ஹில்கிராஃப்ட் இந்தியக் கடையில் வாங்கிய அரிசி மூட்டை, இரண்டு குக்கர், ஊறுகாய் பாட்டில்கள், கிராண்ட் கேன்யன் வரைக்கும் தங்களோடு வரப்போகும் வெட் கிரைண்டர். பின்சீட்டிலிருந்து பதினொரு வயது வெண்பா, "டாடி, மேபி யூ ஃபர்காட் டு சப்ட்ராக்ட் யுவர்செல்ஃப்" என்றாள். அவர் அதையும் சரிபார்த்தார்.

அந்த டிரெய்லரைப் பிப்ரவரி மாதத்தில், கேட்டி என்ற ஊர்ப்பக்கம் ஒரு கிழவரிடம் வாங்கியிருந்தார். எதில் இழுக்கப்போகிறாய் என்று கிழவர் கேட்க, கேம்ரியில் என்று மயில்சாமி சொல்ல, கிழவர் சிரிக்காமல் அவருடைய காரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரெய்லரின் கதவைத் தட்டினார். தன் பொருள், தன் கையில் சாவி, உள்ளே யாருமில்லை. இருந்தும் இரண்டு விரலால் தட்டி, உள்ளே இருப்பவர் சேலையைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுப்பதுபோலச் சற்று நின்றுவிட்டுத்தான் திறந்தார். சாவியைக் கொடுக்கும்போது, கிளம்புவதற்கு முன் எப்போதும் ஒரு நிமிடம் நில் என்றார். ஏன் என்று சொல்லவில்லை. கிழவர்களுக்கு ஆயிரம் பழக்கம் என்று மயில்சாமி விட்டுவிட்டார்.

தமிழ்ச் சங்கத்தின் சித்திரை விழாவில் மூன்று நிமிடம் பேசச் சொன்னார்கள். மயில்சாமி இழுவிசையைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். "வீட்டையே இழுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன் போகும் முதல் தமிழ்க் குடும்பம்" என்று தாமே சொல்லி, தாமே கைதட்டலுக்காக நிறுத்தினார். அன்றே, எந்தக் காரை வாங்குவது என்று ஆய்வதற்கு ஒரு குழுவும் அமைந்தது. அதன் தலைவர் சேனாபதி, பல் மருத்துவர். வாழ்நாளில் தள்ளுவண்டியைக்கூட இழுத்ததில்லை. ஆனால் சுகர்லேண்ட் புறநகரில் சொந்த வீடும், டிரெய்லர் நிற்கும் அளவுக்கு நீளமான டிரைவ்வேயும் இருந்ததால் அவர் கருத்துக்குக் கனம் அதிகம். குழு நான்கு முறை கூடி, எட்டு டஜன் போண்டாவுக்குப் பின் கேம்ரியைக் கழித்து மினிவேனைப் பரிந்துரைத்தது.

மேடையில் வீடாக இருந்த டிரெய்லர், மயில்சாமி நாகமணியிடம் பேசும்போது மட்டும் வண்டியாகிவிட்டது. அடுப்பும் கட்டிலும் வாசற்படியும் இருக்கிறதே, பால் காய்ச்ச வேண்டாமா என்று அவள் முதல் நாளே கேட்டாள். "இது வெஹிக்கிள் அம்மிணி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சாப் போதும்." "எஞ்சினே இல்லாததுக்கு எலுமிச்சம்பழம் எதுக்குங்க? கார்தான இழுக்குது?" இந்த வழக்கு தீரவில்லை. அதனால் இரண்டுமே நடக்கவில்லை. ஒன்பது வருடத்தில் ஆறு அபார்ட்மெண்ட் மாறியிருந்தார்கள். சொந்த வீட்டில் பால் காய்ச்சுவதற்காக ஊரிலிருந்து அவள் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரம் இன்னும் செய்தித்தாள் சுற்றியபடியே இருந்தது. இதை வீடு என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், அவர் வாக்குக் கொடுத்த வீடு இதுதான் என்று ஆகிவிடும். மயில்சாமி சட்ட நுணுக்கத்தில் கெட்டிக்காரர். ஒப்புக்கொள்ளவில்லை.

எடை பார்த்ததற்கு அடுத்த சனிக்கிழமை டிரெய்லரைச் சுத்தமாகக் காலிசெய்தார். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார், மெத்தைகளுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கதவருகே ஒட்டியிருந்த தகடு வெற்று எடை மூவாயிரத்து அறுபது என்றது. எடைமேடை மூவாயிரத்து நூற்றெண்பது என்றது. அதே நூற்றிருபது. அரிசி மூட்டையோடும் நூற்றிருபது, அரிசி மூட்டை இல்லாமலும் நூற்றிருபது.

எடைமேடையில் நிற்கும்போதே அவர் டிரெய்லருக்குள் ஏறினார். தரை சற்றே தாழ்ந்தது. எதிரே சன்னலோர இருக்கையின் பஞ்சு நடுவில் குழிந்திருந்தது. கையால் நீவிவிட்டு அலமாரிகளைப் பார்த்துத் திரும்பினார். மறுபடி குழிந்திருந்தது. பழைய பஞ்சு, அப்படித்தான் இருக்கும். இறங்கும்போது ஏனோ கதவை மெதுவாகச் சாத்தினார்.

"கம்பெனிக்காரன் தகட்டுல எப்பவுமே கம்மியாத்தான் போடுவான் மாப்ள" என்றார் சேனாபதி. ஐந்தாவது கூட்டம். "சபர்பன் வாங்கிப்போடு. யானை மாதிரி. பின்னால என்ன வருதுன்னே உனக்குத் தெரியாது."

தட்டில் போண்டாவை வைத்துக்கொண்டிருந்த நாகமணி நிமிர்ந்தாள். "கார் பெருசானா, அந்த எடை போயிருமாங்ணா?"

"போகாதும்மா. தெரியாது."

வீட்டுக்கு வரும் வழியில் நாகமணி சொன்னாள்: "எதைப் பின்னால கூட்டிட்டுப் போறம்னு தெரியாம நானும் புள்ளயும் அந்தக் கார்ல ஏறமாட்டமுங்க." மயில்சாமி இழுவிசையைப் பற்றி விளக்கினார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாற்பது குடும்பங்களுக்கு அறிவித்தாகிவிட்டது. தனியாகக் கிளம்பினால் முதல் தமிழ்க் குடும்பம் என்பதில் குடும்பம் இராது. அந்த வாரம் அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஜூன் மாதம் புறப்படும் நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்கு வழியனுப்பு விழா. சேனாபதியின் டிரைவ்வேயில் கருநீல சபர்பன் நின்றது, முன்னால் மாலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆறு குடும்பங்கள் வந்திருந்தன. நாகமணியைக் காணவில்லை.

டிரெய்லரில் இருந்தாள். மயில்சாமி போனபோது கதவு மூடியிருந்தது. கைப்பிடியைப் பற்றியவர், தட்டிவிட்டே திறந்தார்.

சின்ன அடுப்பில் பித்தளைப் பாத்திரம். பால் பொங்கி விளிம்பில் வழிந்திருந்தது. வழிந்த பக்கம் சன்னலோர இருக்கை. மேசையில் நான்கு டம்ளர்.

"நாலாவது யாருக்கு?"

"வீட்டுக்காரங்களுக்குங்க." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். குரலில் பயம் இல்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தவள்போல் இருந்தாள். "சொந்தமா ஒண்ணு வந்துதுன்னு நெனச்சன். இதுலயும் நாம வாடகைக்குக் குடியிருக்கறவங்கதான் போல. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"கேட்டியா?"

"கேட்டனுங்க. அவங்க கேன்யன் பாத்தது இல்லைன்னு தோணுது."

மயில்சாமி இருக்கையைப் பார்த்தார். தன் டம்ளரை எடுத்து நின்றபடியே குடித்தார்.

மூவரும் காரில் ஏறினார்கள். மயில்சாமி எஞ்சினைக் கிளப்பி, கியரில் கை வைத்தார். "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றாள் நாகமணி. அவர் நின்றார். கிழவர் சொன்னதை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. யானை போன்ற அந்தக் காரின் பின்புறம், யாரோ வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்ததுபோல, லேசாக ஆடி அடங்கியது. வெண்பா வாக்மேனை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

கார் நகர்ந்தது. ஆறு குடும்பங்களும் கையசைத்தன. காரின் பக்கக் கண்ணாடிக்குள் அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சேனாபதி கேம்கார்டரை இறக்கிவிட்டார், பெண்கள் வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது டிரெய்லரின் சன்னல் அவர்களைக் கடந்தது. சேனாபதியின் மனைவி நின்றாள். ஒரு கணம் தயங்கி, அறிமுகமில்லாத வயதானவர்களைப் பார்க்கும்போது செய்வதுபோல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, சன்னலைப் பார்த்து மறுபடியும் கையசைத்தாள்.