இரண்டிலும் வெள்ளை

அம்மன் காலடியில் இரண்டு பொட்டலங்கள் கிடக்கின்றன, இலைக் கிழிசலில் மடித்து நாரால் கட்டியவை, ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு, துண்டுக்குள் போட்டுக் குலுக்கி வைத்த நாச்சிமுத்துவுக்கே எது எதுவென்று தெரியாது, அதுதான் அவருக்குப் புதிது, கும்பிட்டு எடுத்த பொட்டலத்தில் வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் ஆகாது என்கிறாள், அவர் மனைவி சாரதாமணிக்குச் சிவப்பு வந்தது ஒரே ஒருமுறை, மகளுக்கு முதலில் பார்த்த வரனுக்கு, அன்றிலிருந்து அவள் சோறு இறங்காமல், கண் மூடாமல் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல் அடுத்தமுறை இரண்டிலும் வெள்ளையையே வைத்தார், அவளும் நிம்மதியாகச் சாப்பிட்டாள், பிறகு அதுவே பழகிவிட்டது, தோட்டத்தில் போர் போடவும் வெள்ளை, மகன் வெளியூர் போகவும் வெள்ளை. அவளுக்கு எதிலும் ஒரு நிச்சயம் வேண்டும், சந்தைக்குப் போனால்கூட பஸ் ஏறீட்டீங்களா, ஒண்ணும் ஆகாதுங்களா என்று போன் வரும், ஒண்ணும் ஆகாது புள்ள என்பார், சொல்லும்போது தன்னை நம்பி ஒரு உயிர் இருக்கிறதென்று உள்ளுக்குள் ஒரு பெருமை, அதை மறைப்பானேன்.

ஆடியில் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவள், ஏனுங்க, மாருல என்னமோ கட்டியாட்டம் தட்டுப்படுது, அம்மங்கிட்டக் கேட்டுருவமுங்க என்றாள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்று சொல்லியிருக்க வேண்டிய பாவி அன்றைக்கும் இரண்டிலும் வெள்ளையை வைத்தார், அம்மனே சொல்லிப்போட்டா, அப்பறமென்ன என்று அவள் கட்டியை மறந்தாள், ஆனால் போன் மட்டும் கூடிக்கொண்டே போனது, மகள்தான் ஈரோட்டில் மனநல டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள், அந்தம்மா அவரைத் தனியே கூப்பிட்டு, நீங்க ஆறுதல் சொல்லலீங்க, பயத்துக்குத் தீனி போடறீங்க, இனிமேல் கேட்டா தெரியலன்னு சொல்லுங்க, தெரியாமயே கொஞ்ச நேரம் இருந்து பழகட்டும் என்றார், சாரதாமணி பழகினாள், போனைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடாமல் இருப்பாள், நெற்றி வியர்க்கும், அப்புறம் தானாக அடங்கும், அப்படி அடங்கிய ஒருநாள், அம்மன் சொன்னா சரிதானுங்க, இருந்தாலும் அந்தக் கட்டிய ஒருக்காப் பாத்துருவமுங்க என்று அவளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஏம்மா இத்தனை மாசமா வரல என்று அங்கே டாக்டர் கேட்க, அம்மன் வெள்ளப் பூக் குடுத்தாளுங்க என்று அவள் சிரித்தாள், நாச்சிமுத்து சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியதற்கு இன்றைக்கு முடிவு, இன்னைக்கு ஒருநாளைக்கு மட்டும் பூக் கட்டுங்க என்று காலையில் அவள் கெஞ்சினாள், பொய்யாகக் கட்டக் கை வரவில்லை, ஒன்று வெள்ளை ஒன்று சிவப்பென்றே கட்டினார், அவள் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்காமலே பஸ் ஏறிவிட்டாள், இதோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், பொட்டலம் அவள் கைக்குள், பக்கத்தில் அவர் அதையே பார்த்தபடி. பிரிச்சுப் பாக்கலியா. பாக்கலாமுங்க, என்ன அவசரம். அதற்குமேல் அவரால் முடியவில்லை, சாரதா, இத்தனை வருசமா நான் ரெண்டுலயும் வெள்ளதான் வெச்சேன். அவள் திரும்பினாள். ஆடியிலயுங்களா. ஆமா புள்ள, என்னாலதான் நீ இத்தன நாளு சும்மா இருந்துட்ட.

அவள் ஜன்னலோடு ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள், மூன்று பேர் சீட்டில் இருவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விழுந்தது, பெருந்துறை தாண்டியதும் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள். இதுல என்னங்க வெச்சீங்க. ஒண்ணு வெள்ள, ஒண்ணு செகப்பு, உங்கைல எதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அப்ப இன்னைக்குத்தான் நான் அம்மங்கிட்டக் கேட்டிருக்கறனுங்க, என்றாள், கோபமா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை, பொட்டலத்தைப் பிரிக்காமலே முந்தானையில் முடிந்துகொள்கிறாள், ஆஸ்பத்திரி ஸ்டாப் வருகிறது, அவர் முதலில் இறங்கிக் கை நீட்டுகிறார், அவள் அதைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துத் தானாகவே இறங்கி, உள்ளே நடக்கிறாள்.