புது உறையில் பழைய ரப்பர்

இஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் இழுக்கும் பம்பை ஜெயவேல் கழற்றினான். உள்ளே சுழலவேண்டிய ரப்பர் சக்கரத்தில் ஓர் இதழ்கூட மிச்சமில்லை. எல்லாம் கருகித் தூளாகி விரலில் மைபோல ஒட்டியது. அரைமணிக்கு முன் அவன் கையாலேயே மாட்டிய புத்தம்புதுச் சக்கரம்.

காசிமேடு துறைமுகத்தை விட்டு வந்து ஒன்பது நாள். கரை தொண்ணூறு மைலுக்கு அப்பால். சாயங்காலம் பெருங்காற்று எழும்பும், எல்லா மீன்பிடி லாஞ்சும் திரும்புங்கள் என்று காலையிலிருந்தே வயர்லெஸ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

தப்பு அவனுடையதுதான். ஓடிக்கொண்டிருந்த சக்கரம் கருகியதும் என்ன ஏது என்று பார்க்காமல், அவசரக்குடுக்கையாக மாற்றுக்கு வைத்திருந்த ஸ்பேரை எடுத்து மாட்டினான். லாஞ்சின் அடியில் தண்ணீர் ஏறும் துவாரத்தை ஒரு யூரியா சாக்கு அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீரே வராத பம்பில் ரப்பர் எத்தனை நேரம் தாங்கும்? கூட வேலை செய்யும் டெரிக் இடுப்பில் கயிறு கட்டி முங்கி அதைப் பிய்த்துக்கொண்டு வந்தான், எல்லாம் முடிந்த பிறகு.

"இன்னொன்னு இருந்துச்சே அண்ணாத்த? பொட்டில ரெண்டு கவரு பாத்தேனே!" என்றான் டெரிக்.

ஜெயவேல் அவன் காலைப் பார்த்தான். "செருப்பக் கழட்டு" என்றான். செருப்பை அறுத்து இதழ் செய்து மாட்டினார்கள். பத்து நிமிஷம் ஓடியது. பிறகு அதுவும் பிய்ந்து, இஞ்சின் கொதித்து நின்றது.

அந்த இன்னொன்று போய் மூன்று நாளாகிறது. தவசிமுத்துவின் லாஞ்ச் பக்கத்தில் வந்து ஸ்பேர் கேட்டது. நடுக்கடலில் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்வது அவர்களிடையே வழக்கமில்லை; கரைக்குப் போனதும் புதிதாக வாங்கித் திருப்பிவிடுவார்கள். ஜெயவேலின் பெட்டியில் இரண்டு பிளாஸ்டிக் உறைகள். ஒன்றில் புதுசு. இன்னொன்றில் போன வருஷம் கழற்றிய தேய்ந்த சக்கரம். கழற்றியதைப் புதுசின் உறையிலேயே போட்டுவைப்பது அவன் பழக்கம், கடையில் நம்பரைக் காட்டி வாங்க வசதி. அன்றைக்கு அவன் புத்தி எங்கே போனதோ! கொடுத்த மாதிரியும் இருக்கவேண்டும், கையைவிட்டும் போகக்கூடாது. பழசின் விரிசல் தெரியாமல் கிரீஸ் தடவி, உறையின் வாயை லைட்டரில் காட்டி ஒட்டி வீசினான். தவசிமுத்து இரு கையாலும் பிடித்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டான். இப்போது திட்டி என்ன பிரயோஜனம்? யாராவது வந்து கட்டி இழுத்துப்போனால்தான் இங்கிருக்கும் ஏழு பேரும் கரை சேரமுடியும். மைக்கை எடுக்கக் கை நீட்டினான். அதற்குள் வயர்லெஸ் கரகரத்தது.

"ஜெயவேலு! தவசிமுத்து பேசறேன். பம்பு பூட்ச்சுப்பா. நீ குடுத்தது ரெண்டு நாளு ஓடிச்சு, அப்பால பிஞ்சிக்கிச்சு. இன்னா பண்றது, எங்க நேரம். நீதான் கிட்ட கீற. வந்து கட்டி இஸ்துகினு போ நைனா. ஜெயவேலு கீறான், இன்னா பயம்னு பசங்களாண்ட சொல்லிக்கினு கீறேன்."

டெரிக் அவன் முகத்தைப் பார்த்தான். இரண்டு கவரின் கதை அவனுக்கும் விளங்கிவிட்டது. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

வருகிறேன் என்று சொல்லி மைக்கை வைத்துவிடலாம். ஆனால் அந்த மனுஷன் நம்பிவிடுவார். வேறு யாரையும் கூப்பிடாமல், இருட்டும்வரை இவன் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஜெயவேல் மைக்கை எடுத்தான். பொத்தானை அழுத்தினான்.

"தவசிண்ணே... நான் குடுத்தது பழசு. தெரிஞ்சேதான் குடுத்தேன். புதுச நான் வச்சிக்கினேன். அதுவும் பூட்ச்சு. என்னால வர முடியாதுண்ணே. வேற யாரையாச்சும் கூப்புடு."

திட்டுவார், குடும்பத்தையே இழுத்துச் சபிப்பார் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"நாங்க எட்டு பேரு கீறோம், ஜெயவேலு" என்றார் தவசிமுத்து.