துக்கத்துக்கு ஒரு கல்

என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் யாரை வர்ணித்தாலும் தலைமுடியை ‘ஜெட் பிளாக்’ என்றுதான் எழுதுவார்கள். அம்மாவின் முடி, டீச்சரின் முடி, எருமைக்கன்றின் முதுகு எல்லாமே ஜெட் பிளாக். அந்த ஜெட் என்றால் என்ன என்று ஒருநாள் தமிழ்நிலா கேட்டுவிட்டாள். பெயருக்குத்தான் இங்கிலீஷ் டீச்சர், எனக்கும் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அகராதியைப் புரட்டினேன்.

ஜெட் என்பது ஒரு நகைக்கல். சரியாகச் சொன்னால் கல்லே இல்லை. மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான வருஷம் கிடந்து இறுகிப்போன மரம், பழுப்பு நிலக்கரியில் ஒரு வகை. நெய்வேலியில் பிறந்து, சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்கு வாழ்க்கைப்பட்டும், எங்கள் ஊர்க் கரிக்கு இப்படி ஒரு பணக்காரச் சொந்தம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். அடுத்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்தில் புருஷனை இழந்த பெண்கள் துக்கத்துக்காக அணிந்த நகையாம் அது.

எனக்கு உடனே அண்ணி ஞாபகம் வந்தது.

அண்ணன் சிவப்பிரகாசம் மஞ்சள் காமாலையில் போய் நான்கு வருஷம் ஆகிறது. கருமாதி அன்று அம்சவல்லி அண்ணியின் கழுத்திலிருந்து தாலியோடு மற்ற நகைகளையும் சேர்த்துக் கழற்றிவிட்டார்கள். வாரிசு வேலை கிடைத்து ஸ்கூட்டியில் ஆபீஸ் போய் வருகிறார். கழுத்து மட்டும் அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது. இப்போது அவர் மகள் வெண்மதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு பண்ருட்டி. எங்கள் உறவில் தம்பதியாக நின்றுதான் தட்டு மாற்றுவார்கள். அதனால் பெற்றவளுக்குப் பதிலாக, அத்தைக்காரி நானும் என் கணவர் குமரவேலும் மாற்றுவது என்று பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சபையில் வெறும் கழுத்தோடு அவர் சுவரோரமாக நிற்கப்போவதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அகராதி கைகொடுத்தது. வெள்ளைக்காரியே போட்டிருக்கிறாள், அதுவும் நம் ஊர்க் கரிக்குச் சொந்தமானதை. எவன் வந்து குறை சொல்வான்?

நம் கரியிலேயே மணி செய்ய முடியுமா என்று குமரவேலைக் கேட்டேன். நம்முடையது இன்னும் பிஞ்சு, ஈரம் காய்ந்தால் வெடித்துவிடும் என்று சிரித்தார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் மாரியம்மாள் வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்திருந்த நிலக்கரித் துண்டைக் கெஞ்சி வாங்கி, வடலூரில் தெரிந்த ஆசாரியிடம் கொண்டுபோனேன். கிண்டலடித்துக்கொண்டே உருட்டித் துளை போட்டுக் கொடுத்தார். மணிகளைப் பட்டு நூலில் கோத்து, ஒரு டப்பாவில் வைத்து, மறுநாள் சாயங்காலம் அண்ணி வீட்டுக்குப் போனேன்.

ஜெட் கதை முழுவதையும் சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன். பாதி மணிகள் பிளந்திருந்தன. நூலைத் தூக்கியதும் மீதியும் உதிர்ந்தது. மேசையெல்லாம் பழுப்புத் தூள்.

அண்ணி சிரிக்கவில்லை. ஈரத்துணியை எடுத்துவந்து தூளைத் துடைத்தார்.

"அந்த ஊர்ல பொண்டாட்டி செத்தா ஆம்பள என்ன போட்டுக்குவானாம்?" என்று கேட்டார்.

கையில் கறுப்புத் துணி கட்டிக்கொள்வார்கள் என்று எங்கோ படித்த ஞாபகம். கழுத்துக்கு என்ன என்று அகராதியில் இல்லை என்றேன்.

"இங்க எல்லாத்தையும் கழட்டுன்னாங்க. அங்க இத மட்டும் போடுன்னாங்க. எனக்குத் துக்கம் இருக்குது விஜயா, நெறயவே இருக்குது. அத ஊருக்குக் காட்ட ஒரு கல்லு எதுக்கு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இவ்வளவு அலைந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று வீட்டுக்கு வந்து குமரவேலிடம் எரிந்து விழுந்தேன். மாவு ஆட்டும்போதுதான் மெல்ல உறைத்தது. அண்ணியின் கழுத்துக்காக நான் நகை தேடவில்லை, யாரிடமோ அனுமதி தேடியிருக்கிறேன். இங்கே கிடைக்காது என்று இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறேன். அதே சமயம், தட்டு மாற்றுவதற்கென்று அரக்கு நிறத்தில் எனக்கு ஒரு பட்டுப்புடவையும் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் புடவையை நினைக்க வெட்கமாக இருந்தது.

நிச்சயதார்த்தத்தன்று கம்யூனிட்டி ஹாலில் கூட்டம் நிறைந்திருந்தது. நானும் குமரவேலும் தட்டோடு எழுந்து நின்றோம். எதிரே மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் எழுந்தார்கள்.

அப்போது அண்ணி உள்ளறையிலிருந்து வந்தார். கழுத்தில் அண்ணன் முதல் போனஸில் வாங்கிக் கொடுத்த சிவப்புக் கல் அட்டிகை. பின்வரிசையில் யாரோ பெரியவர் தொண்டையைச் செருமினார். அண்ணி நேராக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தட்ட இப்படிக் குடு விஜயா. எம் பொண்ணு" என்றார்.

குமரவேல் முதலில் விலகினார். நான் தட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தன் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்வதற்குள் அந்த அம்மாவே இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

வெண்மதி அழுதாள். நான் அவளைவிட அதிகமாக அழுதேன், புதுப்புடவையெல்லாம் ஈரம். சுவரோரமாக ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து பார்க்க அண்ணியின் முகம் தெரியவில்லை, அட்டிகையின் சிவப்பு முடிச்சுக்கயிறு மட்டும் பிடரியில் தெரிந்தது.