ஃப்ரிட்ஜுக்கு ஒரு ஜாண்

"இதை யாரு இப்படிச் சுவத்தோட ஒட்டி வச்சது?" என்றார் மெக்கானிக், ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் கையை நுழைக்கப் பார்த்து, நுழையாமல்.

"வாங்கின நாள்லேருந்து அங்கதாங்க இருக்கு," என்றாள் அவள்.

"அப்புறம் பால் திரியாம என்ன செய்யும்? உள்ள இருக்கற சூட்டை இது முதுகு வழியாத்தாம்மா வெளிய தள்ளுது. மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா யாரால ஓட முடியும்? ஒரு ஜாண் முன்னாடி இழுத்து வைங்க. கதவு ரப்பரை ஈரத்துணியால துடைங்க. ஆவி பறக்கற பாத்திரத்தை அப்படியே கொண்டு போய் உள்ள வைக்காதீங்க. அவ்வளவுதான், மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல."

கணவருக்கு அந்த 'அவ்வளவுதான்' ரொம்பப் பிடித்துப்போயிற்று. மெக்கானிக் படியிறங்குவதற்குள் கையை விரித்து அளந்து, ஃப்ரிட்ஜை இழுத்து வைத்துவிட்டார்.

நீளம் உண்டு, அகலம் கிடையாது அந்த அடுப்பங்கரைக்கு. ஃப்ரிட்ஜுக்கு நேரெதிரே ஒரு முக்காலி. அது நாத்தனாரின் இடம். கணவரின் அக்கா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு வந்து தங்கியவர். துணிக்கடை வேலை முடிந்து வந்து அவள் அடுப்பைப் பற்றவைத்ததுமே, முக்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

"இன்னிக்கு யாரு வந்தா கடைக்கு?"

"ஒரு அம்மா, அண்ணி. அலமாரி முழுக்க இறக்க வச்சிட்டு, கடைசியில ஒரு கைக்குட்டை வாங்கிட்டுப் போறாங்க."

"கூட யாரு இருந்தா?"

"மருமக போல. வாயே திறக்கல."

"அப்ப சேலை பாத்தது மருமகளுக்கு. கைக்குட்டையும் அவளுக்குத்தான், கண்ணைத் துடைக்க."

பாதிப் பேச்சைக் கேட்டு முழுக் கதையையும் கட்டிவிடுவது எக்ஸ்சேஞ்சில் கற்ற வித்தை. அதைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே, கடையில் நடப்பதையெல்லாம் அவள் முந்தானையில் முடிந்ததுபோல் வீட்டுக்குக் கொண்டு வருவாள்.

ஃப்ரிட்ஜ் முன்னே வந்தபின், கதவைத் திறந்தால் நாத்தனாரின் முட்டியில் இடித்தது.

"அண்ணி, கொஞ்சம்..."

"எழுந்துட்டேன், எழுந்துட்டேன்."

தயிரை எடுக்க ஒரு தடவை, வைக்க ஒரு தடவை, மறந்துபோன எலுமிச்சம்பழத்துக்கு இன்னொரு தடவை.

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் வந்தாக்கூட நான் இப்படி எழுந்து நின்னதில்லம்மா," என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார் நாத்தனார். அவளும் சிரித்தாள், கதவைத் திறந்து பிடித்தபடியே.

ஹாலிலிருந்து கணவர் குரல் வந்தது. "மூடிட்டுப் பேசுங்களேன்! குளிர் பூரா வெளிய போகுது." பிறகு ஆளே வந்து நின்றார். "அக்கா, நீ ஹால்ல உக்காரேன். ஃபேன் இருக்கு, டிவி இருக்கு. எதுக்கு இந்தப் புழுக்கத்துல கிடந்து எழுந்து எழுந்து உக்காரணும்?"

நாத்தனார் தம்பியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

அவள் கையில் பால் பாத்திரம் இருந்தது. காலையில் காய்ச்சிய பால், திரியாமல் வெள்ளைவெளேரென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், 'அவர் சொல்றதும் சரிதானே' என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடினாள்.

"சரிப்பா," என்று நாத்தனார் முக்காலியைத் தூக்கிக்கொண்டார். "அதுக்கு மூச்சு முட்டக் கூடாதுல்ல."

முக்காலி பால்கனிக்குப் போயிற்று. ஹாலில் டிவி பேசியது, நாத்தனார் கேட்டுக்கொண்டிருந்தார். சில நாள் வாசற்படி வரை வந்து நின்று, "இன்னிக்கு யாரு வந்தா?" என்று கேட்டுப் பார்த்தார். நின்றுகொண்டே கேட்பவருக்குக் கதை சொல்ல அவளுக்கு வரவில்லை. "யாரும் இல்ல அண்ணி, வழக்கம்போலத்தான்."

அப்புறம் ஒருநாள், "சின்னவ கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்," என்று தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். குளிர்காலச் சால்வையையும் பெட்டியில் மடித்து வைத்ததைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இது ரெண்டு நாள் இல்லை என்று. ஆனாலும் பெட்டியை வாசல் வரை அவளே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள்.

சால்வை தேவைப்படும் காலம் வந்தது, போயிற்று. வெள்ளையடிக்க ஆட்கள் வந்தார்கள். அடுப்பங்கரைச் சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தபோது ஃப்ரிட்ஜும் ஹாலுக்கு வந்து, ஜன்னல் ஓரம் நின்றது. பாலும் கெடவில்லை, மோட்டார் சத்தமும் குறைந்தது.

"இங்கயே இருக்கட்டுமே," என்றார் கணவர். "காத்தோட்டமா இருக்கு. இது நமக்கு முன்னாடியே தோணாமப் போச்சு பாரு."

சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த அந்த மூலையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "அக்காவுக்கு ஒரு போன் போடேன். நான் போட்டா சரியா வராது."

போட்டாள்.

"ஃப்ரிட்ஜை ஹாலுக்கு மாத்திட்டோம் அண்ணி. உங்க இடம் காலியாத்தான் இருக்கு. வந்துடுங்களேன்."

"அடடே! அதுக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய பெட்டிய நகத்துனீங்க? இவ வீட்டு அடுப்பங்கரை நம்மளதைவிடக் குறுகல். ஃப்ரிட்ஜ் பக்கத்துலயே இவளோட முக்காலி ஒண்ணைத் திருப்பிப் போட்டுக்கிட்டேன். இவ தயிர்னா தயிர், பச்சை மிளகான்னா பச்சை மிளகா, உக்காந்த வாக்குலயே எடுத்துக் குடுத்துடறேன். இவளுக்குக் கண்ணு வேற மங்கிப்போச்சு, நான் இல்லன்னா உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியாது."

"இங்கயும் அப்படியே உக்காந்திருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா உக்காந்திருப்பேன்மா," என்றார் நாத்தனார். கோபம் இல்லை குரலில். இருந்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

"கடையில இன்னிக்கு..." என்று எதையோ ஆரம்பித்துப் பார்த்தாள்.

"நேர்ல வர்றப்ப சொல்லு. போன்ல பேசறது எனக்கு ஆபீஸ் வேலை மாதிரி. பேச்சுன்னா பக்கத்துல உக்காந்து பேசணும். ஆமா, பால் கெடாம இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"அப்ப சரி. வச்சிடறேன், இவ கூப்பிடறா."

பால்கனியிலிருந்து முக்காலியை எடுத்து வந்து, துடைத்து, பழைய மூலையில் போட்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். கணவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"அக்கா என்ன சொன்னா?"

"பால் கெடாம இருக்கான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இருக்குன்னேன்."